ஆஸ்பத்திரி வாசல்ல முதல் 72 மணி நேரம்: தாக்கப்பட்ட திருநங்கை, திருநம்பிக்கு எங்கே என்ன கிடைக்கும்?

பேரலை

வணக்கம். நான் திருநங்கை. எங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்கு ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ்னு எங்க போனாலும் கூடப் போறது நான்தான். யாரும் சம்பளம் குடுத்து வெச்ச வேலை இல்ல.

கொஞ்ச நாள் முன்னாடி நடந்தது இது. ஆள் யாருன்னு தெரியக்கூடாதுங்கிறதால ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தியிருக்கேன். ராத்திரி வேலை முடிஞ்சு வந்த ஒரு பிள்ளையை ரெண்டு பேர் வண்டியில தூக்கிட்டுப் போய் பாலியல் வன்கொடுமை பண்ணிட்டு ரோட்டோரம் விட்டுட்டுப் போயிட்டாங்க. விடியறதுக்குள்ள கேஷுவாலிட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். ஓ.பி. சீட்டு போடற இடத்துலயே மாட்டிக்கிச்சு. ஆணா பெண்ணான்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல மூணாவதா ஒண்ணு இருக்கேன்னேன். "அதை அழுத்தினா எந்த வார்டுன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க"ன்னார் உட்கார்ந்திருந்தவர். அப்புறம் ஆம்பளை டாக்டரா பொம்பளை டாக்டரான்னு அவங்களுக்குள்ள ஒரு பேச்சு. கடைசியில "போலீஸ் மெமோ இல்லாம தொட முடியாது". ஸ்டேஷன்ல கேட்டா "முதல்ல ஆஸ்பத்திரி போயிட்டு வா". டி.டி. ஊசி ஒண்ணு, வலி மாத்திரை நாலு. அவ்வளவுதான் கிடைச்சது. அந்த நேரம் முழுக்கப் பிள்ளை பெஞ்சில ஒருக்களிச்சு உட்கார்ந்திருந்தா. போறவன் வர்றவன் எல்லாம் வேடிக்கை பார்த்தான்.

மறுநாள் வேற ஆஸ்பத்திரியில, எச்.ஐ.வி. டெஸ்டும் ஆலோசனையும் குடுக்கிற நம்பிக்கை மையத்துல எனக்குத் தெரிஞ்ச கவுன்சிலர் அம்மா ஒருத்தங்களைப் பிடிச்சோம். அவங்கதான் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஆரம்பிச்சுக் குடுத்தாங்க. எனக்கு அவங்களைத் தெரியும், வழி கிடைச்சுது. தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?

இங்க நர்ஸ், டாக்டர், வக்கீல், மையங்கள்ல வேலை பார்க்கிறவங்க எல்லாம் இருக்கீங்கன்னு தெரியும். உண்மையில விதி என்ன, நாங்க என்ன கேட்டு வாங்கலாம், எதைக் கேட்டா சட்டத்துலயே இடமில்ல? தெளிவாச் சொல்லுங்க. ஆறுதல் வேண்டாம், விவரம் வேணும்.

நைட்_டூட்டி

அக்கா, நான் அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில ஸ்டாஃப் நர்ஸ். படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே வரல. அதுதான் கேவலம்.

முதல்ல நேரக் கணக்கைச் சொல்லிடறேன். எச்.ஐ.வி. தொத்தாம தடுக்கிற மருந்தை நாங்க பெப்னு சொல்வோம். முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள்ள போனா ரொம்ப நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டிட்டா ஆரம்பிக்க மாட்டோம். தினம் ஒரு மாத்திரை, 28 நாள், விடக்கூடாது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் ஒரே மாத்திரையில இருக்கும். கால்சியம், இரும்புச்சத்து, அசிடிட்டி மருந்தோட ஒண்ணா முழுங்கக் கூடாது, மருந்து உடம்புல சேராது. ஹார்மோன் எடுக்கிறவங்க அதை மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஹார்மோன் எடுக்கிறதால பெப் குடுக்க மாட்டோம்னு யாராவது சொன்னா ஏத்துக்காதீங்க. இதோட கூட மஞ்சள்காமாலை பி தடுப்பூசி, மத்த பால்வினைத் தொற்றுக்கான மருந்து, காயம் இருந்தா டி.டி. எல்லாம் சேர்த்துத்தான் சிகிச்சை. டி.டி. மட்டும் போட்டு அனுப்பறது சிகிச்சையே இல்ல.

அடுத்து மெமோ. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களுக்கு மருத்துவம் பார்க்கிறதுக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டாங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டாம், போலீஸ் கடிதம் வேண்டாம், பார்க்கணும்னு அதுல இருக்கு. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும், அது எங்க கடமை. ஆனா புகார் குடுக்கணுமா வேண்டாமாங்கிறது வந்தவங்க முடிவு. வேண்டாம்னா அதை எழுதி வாங்கிக்கிட்டு சிகிச்சையைத் தொடரணும். 18 வயசுக்குக் கீழன்னா மட்டும் போக்சோ, அங்க தகவல் சொல்லியே ஆகணும்.

திருநர், இடைபால் உள்ளவங்க பத்தித் தனியாவே அந்த வழிகாட்டியில எழுதியிருக்கு. ஆண் டாக்டர் பார்க்கணுமா பெண் டாக்டர் பார்க்கணுமான்னு அவங்களைக் கேட்கணும். அக்கா சொன்ன மாதிரி ஸ்டாஃபுக்குள்ள பேசித் தீர்த்துக்கிற விஷயம் இல்ல. உறுப்புக்குள்ள விரலை விட்டுப் பார்க்கிற இரு விரல் பரிசோதனையும் கூடாது. அதைச் செய்யறது தவறான நடத்தைன்னே 2022-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

இன்னொண்ணு, துணி. போட்டிருந்த துணியைத் துவைக்காம, பிளாஸ்டிக் கவர்ல திணிக்காம, பேப்பர்ல மடிச்சுக் கொண்டுவாங்க. பிளாஸ்டிக்ல ஈரம் நின்னு பூஞ்சை பிடிச்சிடும். குளிச்சிட்டீங்களா, பரவாயில்ல, வாங்க. 96 மணி நேரம் வரைக்கும் மாதிரி எடுக்கலாம். அதுக்கு மேல போனாலும் காயம் பார்க்கலாம், சிகிச்சை குடுக்கலாம்.

நேர்கோடு

பதிவு மனசைப் பாதிக்குது. ஆனா ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தியாவுலயே முதல்ல திருநங்கையர் நல வாரியம் வந்தது தமிழ்நாட்டுல, 2008-ல. மூணாவது பாலினத்தை ஏத்துக்கிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014, தனிச் சட்டம் 2019, காப்பீடு 5 லட்சம். இவ்வளவு இருந்தும் இப்படின்னா, இருக்கிறதைப் பயன்படுத்திக்கிறதுலயும் ஏதோ குறை இருக்கு இல்லையா?

பேரலை

நேர்கோடு சகோ, அந்த 5 லட்சத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். 2022-ல ஆயுஷ்மான் பாரத் டி.ஜி. ப்ளஸ்னு ஒப்பந்தம் போட்டாங்க. அறுவை சிகிச்சை, ஹார்மோன் எல்லாம் அதுல உண்டு, நல்ல விஷயம். ஆனா அட்டைக்குத் தேசிய போர்ட்டல்ல எடுத்த திருநர் சான்றிதழ் வேணும். சான்றிதழுக்கு அப்ளை பண்ண ஆதார் மாதிரி கையில ஒரு காகிதம் வேணும். வீட்டை விட்டுத் துரத்தினப்போ எங்க பிள்ளைங்க காகிதத்தை எடுத்துக்கிட்டா வந்தாங்க? ஆதார்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, மூஞ்சிக்கு ஒரு பேரு. கவுன்டர்ல இருக்கிறவர் அந்தப் பழைய பேரை வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவார். அதுக்குப் பயந்தே காய்ச்சலுக்குக் கூட மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிட்டு வந்திடுவோம்.

அதுவும் இல்லாம, ராத்திரி அடிபட்டு வர்ற பிள்ளைக்குக் காப்பீடு எதுக்கு? அரசு ஆஸ்பத்திரி இலவசம்தானே. எங்களுக்குத் திட்டம் குறையல. அந்த நேரத்துல சீட்டில இருக்கிற ஆளுக்கு என்ன செய்யணும்னு தெரியல, அதுதான் குறை.

கறுப்பு_கவுன்

சட்டப் பக்கத்தை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகும், இனிப்பாகவும் இருக்காது.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவின்படி பாலியல் வன்புணர்வு என்பது ஒரு ஆண் ஒரு பெண்ணுக்கு எதிராகச் செய்வது. பழைய தண்டனைச் சட்டத்தில், "இயற்கைக்கு மாறான" உடலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு இருந்தது. சம்மதத்தோடு நடப்பதைக் குற்றமாக்கியதை 2018-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது, சம்மதமில்லாமல் நடப்பதற்கு அந்தப் பிரிவு உயிரோடுதான் இருந்தது. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்தபோது 377 முழுவதுமாகப் போய்விட்டது, அந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2024-லேயே மத்திய அரசிடம் இதைப் பற்றிக் கேட்டது. உச்ச நீதிமன்றம், சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று மனுவை ஏற்கவில்லை.

மிச்சமிருப்பது 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. அதில் உடல் ரீதியான, பாலியல் ரீதியான வன்முறை எல்லாம் ஒரே மூட்டை. தண்டனை 6 மாதம் முதல் 2 வருடம். பேரலை சொன்ன சம்பவத்தில் இரண்டு பேர். அதே குற்றம் ஒரு பெண்ணுக்கு நடந்திருந்தால் கூட்டுப் பாலியல் வன்புணர்வு, 70ஆம் பிரிவு, குறைந்தபட்சம் 20 வருடம். இங்கே அதிகபட்சமே 2.

அதனால் புகார் எழுதும்போது 18ஆம் பிரிவோடு நிறுத்திவிடாதீர்கள். கடத்தல் நடந்திருக்கிறது. நியாய சன்ஹிதாவின் 140ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, கொடுங்காயத்துக்கோ இயற்கைக்கு மாறான இச்சைக்கோ ஆளாக்குவதற்காக யாரைக் கடத்தினாலும் 10 வருடம் வரை தண்டனை என்கிறது. அங்கே "பெண்" என்ற சொல் இல்லை, "எந்த நபரும்" என்றுதான் இருக்கிறது. அந்த "இயற்கைக்கு மாறான" என்ற வார்த்தை எனக்கும் உவப்பில்லைதான், ஆனால் எஃப்.ஐ.ஆரில் அது ஏறினால் வழக்கின் எடையே மாறும். அடைத்து வைத்தது, காயப்படுத்தியது, மிரட்டியது எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. தாக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ, தாக்கியவர் அதில் இல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் கேளுங்கள். பல வழக்குகளில் அதை யாரும் கேட்பதே இல்லை.

திருநங்கை சட்டத்தின் முன் பெண்தானே என்று கேட்டால், நீதிமன்றங்கள் ஒவ்வொரு சட்டமாக அந்தப் பக்கம் நகர்ந்து வருகின்றன. இந்துத் திருமணச் சட்டத்தில் "மணமகள்" என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று 2019-ல் மதுரைக் கிளை சொன்னது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கைக்கு நிவாரணம் உண்டென்று 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. கணவர் வீட்டுக் கொடுமை வழக்கைத் திருநங்கை தொடுக்கலாம் என்று 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம். 63ஆம் பிரிவையும் இதே வாதத்தோடு எழுதச் சொல்லிக் கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கிடைத்தே தீரும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

சிகிச்சைக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். தனியார் மருத்துவமனை உட்பட எல்லோரும் உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்ற, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு, வன்புணர்வு, அமிலத் தாக்குதல், போக்சோ ஆகியவற்றின் பெயரைச் சொல்லித்தான் எழுதப்பட்டிருக்கிறது. "இவருக்கு அந்தப் பிரிவே பொருந்தாதே" என்று தனியார் மருத்துவமனை நிர்வாகம் நழுவப் பார்க்கும். அப்போது பரமானந்த் கட்டாரா தீர்ப்பை நீட்டுங்கள். 1989, உச்ச நீதிமன்றம்: உயிரைக் காப்பது முதலில், சட்ட நடைமுறை பிறகு. எந்த மருத்துவரும் அதைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அரும்பு_மீசை

வழக்கம் போல எல்லாம் அக்காங்களைப் பத்தியே ஓடுது, கோபமா சொல்லல. 😅 பொண்ணுன்னு வளர்க்கப்பட்டு ஆணா வாழற திருநம்பிங்க நாங்களும் இருக்கோம்னு எழுத வந்தேன்.

எங்களுக்கு அடி பெரும்பாலும் தெருவுல இல்ல, வீட்டுக்குள்ள. அண்ணன், மாமா, கட்டி வெச்சா சரியாயிடும்னு நினைக்கிற அப்பா. தப்பிச்சு ஓடினா வீட்டுல "பொண்ணைக் காணோம்"னு கம்ப்ளெயின்ட். போலீஸ் பிடிச்சுட்டு வந்து அதே வீட்டுலயே விடும். 2021-ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவு இதுக்குத்தான் உதவும். காணாமப் போனவங்க மேஜர், சொந்த விருப்பத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சா வாக்குமூலம் வாங்கிட்டு, தொந்தரவு பண்ணாம கேஸை மூடணும். எல்.ஜி.பி.டி. ஆளுங்களையும் அவங்களுக்கு உதவறவங்களையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியிலயே 2022-ல சேர்த்தாங்க. இந்த ரெண்டையும் போன்ல சேவ் பண்ணி வெச்சுக்குங்க, ஸ்டேஷன்ல காட்டினா பேச்சோட தொனியே மாறுது.

இப்போ ஆஸ்பத்திரி விஷயம், இதை யாரும் வெளிப்படையா எழுத மாட்டாங்க. டெஸ்டோஸ்டிரோன் எடுத்தா மாதவிடாய் நின்னிடும், ஆனா அது கருத்தடை கிடையாது. கர்ப்பப்பை இருக்கிற வரைக்கும் வாய்ப்பு இருக்கு. வன்கொடுமைக்கு அப்புறம் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு வாங்கணும், சீக்கிரமாப் போடப் போட நல்லது. தாடியோட போய் அதைக் கேட்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. டாக்டரும் தாடியைப் பார்த்துட்டு அதைக் கேட்கவே மாட்டார்.

கூட்டிட்டுப் போறவங்களுக்கு ஒரு விஷயம்: மார்பை இறுக்கிக் கட்டற பைண்டர் போட்டிருப்போம். கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி ஏன்னு சொல்லிட்டுக் கழட்டச் சொல்லுங்க, பார்த்து முடிச்சதும் மூடிக்கத் துணி குடுங்க. என் நண்பனுக்கு அதுவே ரெண்டாவது தாக்குதல் மாதிரி ஆயிடுச்சு.

ஸ்டெத்

பி.ஜி. மருத்துவர். அரும்பு_மீசை சொன்னது சரிதான், நாங்க கேட்க மாட்டோம், ஏன்னா எங்களுக்குச் சொல்லித் தரல. தடயவியல் பாடத்துல நான் படிச்சப்போ திருநர்ங்கிற ஆள் "இயற்கைக்கு மாறான குற்றங்கள்" அத்தியாயத்துலதான் வந்தாங்க. அரும்பு_மீசை சொன்ன அதே 2021 வழக்குலதான் இதையும் நீதிமன்றம் கையில எடுத்துச்சு, பாடத்திட்டத்தைத் திருத்தினாங்க. பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் "குணப்படுத்தி மாத்துற" சிகிச்சையைத் தொழில் நெறி மீறல்னு 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் அறிவிச்சுது. ஆனா 2024-ல திருத்தின பாடத்திட்டம் ஒண்ணுல பழைய குப்பை எல்லாம் திரும்ப வந்துச்சு. சத்தம் போட்டதும் சில நாள்லயே வாபஸ். அப்படி அடிக்கடி போய் வந்துக்கிட்டு இருந்தா, ராத்திரி 2 மணிக்கு டூட்டி பார்க்கிற ஹவுஸ் சர்ஜன் கிட்ட எதை எதிர்பார்க்கிறது?

கண்ணால பார்த்து முடிவு பண்ணாம "என்ன உறுப்பு இருக்கு, என்ன மருந்து போகுது"ன்னு கேட்டு எழுதறதுதான் நல்ல மருத்துவம். பிறப்புறுப்பு அறுவை முடிஞ்ச திருநங்கைக்கும் புராஸ்டேட் இருக்கும். சிறுநீர்ப் பாதை சுருங்கியிருந்தா வழக்கமான டியூபைத் திணிக்கக் கூடாது. அதே நேரம் விரல் சுளுக்குக்கு வந்தவங்ககிட்ட அறுவை பண்ணியாச்சான்னு கேட்கிறது வெறும் வேடிக்கை. தேவைக்குக் கேட்கிறதா, வம்புக்குக் கேட்கிறதான்னு நோயாளிக்கு முதல் வாக்கியத்துலயே தெரிஞ்சிடும்.

திண்ணை

நான் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆலோசகர். சகி மையம் என்றால் பலருக்குத் தெரியும். 2015-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை, 5 நாள் வரை தங்கும் வசதி எல்லாம் ஒரே இடத்தில். 181-க்குப் போன் செய்தால் இங்கே இணைத்துவிடுவார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். திட்ட ஆவணத்தில் பெண்கள், சிறுமிகள் என்றுதான் இருக்கிறது. திருநங்கை வந்தால் உள்ளே விடுவதும் விடாததும் அன்றைக்கு டூட்டியில் இருப்பவரின் மனசைப் பொறுத்தது. எங்கள் மையத்தில் விடுகிறோம். ஒரு திருநங்கை தன்னைப் பெண் என்று சொன்னால் எங்களுக்குப் பெண்தான். சான்றிதழ் கேட்பதில்லை, கணவன் அடித்து வருகிறவளிடம் கல்யாணப் பத்திரிகையா கேட்கிறோம்? இரவுக் காவலாளிக்கும் சமையல் செய்பவருக்கும் முதலில் பேசிப் புரியவைத்தோம். மேலதிகாரிக்குச் சுற்றறிக்கை அனுப்புவதைவிட அது முக்கியம், ஏனென்றால் ராத்திரி கதவைத் திறப்பவர் அவர்தான்.

திருநம்பி விஷயத்தில் எனக்கு விடை இல்லை. எங்களிடம் தங்க வேண்டுமானால் அவர் தன்னைப் பெண் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதை நான் கேட்க மாட்டேன். ஒருமுறை தங்க வைக்காமலேயே வக்கீல், மருத்துவமனை, போலீஸ் மூன்றையும் செய்து கொடுத்தோம். தங்கும் இடத்துக்கு நண்பர் வீடு.

வாசல்_கோலம்

திண்ணை மேடம், நான் குடும்ப வன்முறையிலிருந்து தப்பி ஒரு மையத்துல தங்கி இருந்தவ. அந்த நேரத்துல கனமான குரல் கேட்டாலே உடம்பு நடுங்கும். திருநங்கைங்க மேல எனக்கு வெறுப்பு இல்ல. ஆனா என்னை மாதிரி இருக்கிறவங்களை யோசிச்சீங்களா? தனி மையம் வெச்சா எல்லாருக்கும் நல்லதுதானே?

பேரலை

கோலம் அக்கா, நீங்க சொன்ன நடுக்கம் எனக்குத் தெரியும், எங்க பிள்ளைக்கும் அதே குரல்தான் நடுக்கம் குடுக்குது. தனி மையம் வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா மாவட்டத்துக்கு ஒண்ணு எப்போ வரும்? அதுவரைக்கும் பிள்ளை எங்க படுக்கும்? திருநர்களுக்குன்னு கரிமா க்ரேஹ் இல்லங்கள் இருக்கு, 2020-ல ஆரம்பிச்சாங்க, அது தங்கிப் படிச்சு வேலை தேடறதுக்கான இடம். ராத்திரி ஒரு மணிக்கு ரத்தத்தோட போய் நிக்கிற இடம் இல்ல.

திண்ணை

கோலம், உங்கள் கேள்வியைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. தங்குபவர்கள் அத்தனை பேரையும் ஒரே ஹாலில் பாய் போட்டுப் படுக்க வைக்கும் மையத்தில் யாருக்குமே நிம்மதி கிடையாது. திருநங்கை இல்லாதபோதும் அங்கே சண்டை வரும், குழந்தை அழும், ஒருத்தி தூங்கவே மாட்டாள். எங்களிடம் இரண்டு சின்ன அறைகளுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டோம், புதிதாக வருகிற யாரானாலும் முதல் ராத்திரி அங்கேதான். விதி ஒன்றுதான்: இன்னொருவரை மிரட்டினால் வெளியே. அது எல்லோருக்கும்.

மாடரேட்டர்

"ஆபரேஷன் ஆனவங்களா இல்லையா" என்று ஆராய்ந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இழை தொடரட்டும்.

சேலா_பொண்ணு

எல்லாரும் வெளியாளுங்களைப் பத்தியே பேசறீங்க. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டுத்தான் எழுதறேன். அடிக்கிறது சில நேரம் கூட வாழற புருஷன். சில நேரம் ஜமாத்துல, அதாவது நாங்க சேர்ந்து வாழற திருநங்கைக் குடும்பத்துலயே மூத்தவங்க. அந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கு யார் கூட வர்றாங்க? அவங்களேதான். டாக்டர் "என்னாச்சும்மா"ன்னு கேட்கிறப்போ பக்கத்துலயே நின்னுட்டு "பாத்ரூம்ல வழுக்கிட்டா"ன்னு சொல்வாங்க. ஜமாத்தை விட்டா எனக்கு வீடு கிடையாது. நான் என்ன சொல்ல முடியும்?

பேரலை

எழுதினது நல்லது கண்ணு. எங்க ஆளுங்க பேரு கெட்டுப் போகும்னு இதை மூடி வெச்சே நிறைய பிள்ளைங்களை இழந்திருக்கோம். ஜமாத்து எங்களுக்குத் தாய் வீடு. அதுக்காக அங்க அடி விழாதுன்னு எழுதிக் குடுக்க முடியுமா? நான் கூடப் போற இடத்துலயும் டாக்டர் என்னை வெளிய நிக்கச் சொன்னா கோபப்பட மாட்டேன்.

நைட்_டூட்டி

சேலா_பொண்ணு, தனிப்பதிவுல வாங்க, உங்களுக்கு வேற விதமாவும் உதவலாம்.

பொதுவா எல்லாருக்கும்: யார் கூட வந்தாலும், ஜமாத்துக் குருவோ புருஷனோ அம்மாவோ, காயம் பார்க்கிறப்போ அவங்களை வெளிய அனுப்பிட்டு நோயாளிகிட்ட தனியா ரெண்டு நிமிஷம் பேசணும். நான் "டிரெசிங் பண்ணணும், எல்லாரும் வெளிய"ன்னு அனுப்பிடுவேன், யாருக்கும் சந்தேகம் வராது.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு பிரச்சனையும் இருக்கு. "ரத்த சொந்தம் யாரும் வரலியா? கையெழுத்து யார் போடறது?"ன்னு நிறுத்தி வைப்பாங்க. சுயநினைவோட இருக்கிற 18 வயசு ஆனவங்க கையெழுத்தே போதும். அப்பா அம்மாவைத் தேடிப் போன் பண்ணினா, எந்த வீட்டுலேர்ந்து ஓடி வந்தாங்களோ அந்த வீட்டுக்கே தகவல் குடுத்த மாதிரி ஆயிடும். மனநல சிகிச்சைன்னா இன்னும் தெளிவு: 2017 சட்டத்துல நமக்கு யார் பிரதிநிதின்னு நாமே எழுதி வெச்சுக்கலாம், வெள்ளைத்தாள் போதும். சொந்தமா இருக்கணும்னு இல்ல, மேஜரான, நம்பிக்கையான ஒருத்தர்.

அரும்பு_மீசை

இந்த வெள்ளைத்தாள் மேட்டர் எனக்கே தெரியாது. இன்னைக்கே எழுதறேன். மனசு விட்டுப் பேச 14416 டெலி மானஸ் இருக்கு, தமிழ்ல பேசறாங்க. ஒருத்தர் நல்லாப் பேசினாங்க, இன்னொரு தடவை எடுத்தவர் "அக்கா, கல்யாணம் ஆயிடுச்சா"ன்னு ஆரம்பிச்சார். வெச்சுட்டேன். திரும்ப அடிச்சேன், வேற ஆள் எடுத்தாங்க. அதனால முதல் போன்ல சரியா வரலன்னா விட்டுடாதீங்க.

நேர்கோடு

கேட்டது நல்லதாப் போச்சு, இவ்வளவும் வெளிய வந்துச்சு. இன்னொரு கேள்வி. புகார் குடுக்க இப்போ மனசு இல்ல, ஆறு மாசம் கழிச்சு குடுக்கலாம்னு தோணினா? அப்போ ஆதாரத்துக்கு என்ன இருக்கும்?

கறுப்பு_கவுன்

அதற்குத்தான் முதல் நாள் மருத்துவப் பதிவு. புகார் தாமதமானால் ஏன் என்று கோர்ட் கேட்கும், ஆனால் தாமதம் மட்டுமே வழக்கைக் கொல்லாது. அன்றைக்கே மருத்துவர் கையால் எழுதப்பட்ட ஒரு காகிதம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த ஸ்டேஷன் எல்லை என்ற கேள்வியும் வேண்டாம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி எங்கே கொடுத்தாலும் எடுத்தாக வேண்டும். இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் அதே சட்டத்தின் 396ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம், அங்கே "பாதிக்கப்பட்டவர்" என்றுதான் இருக்கிறது.

பேரலை

நைட்_டூட்டி தங்கச்சி, கடைசியா ஒண்ணு. அந்தக் காகிதத்தை எப்படிக் கேட்டு வாங்கறது? எங்க பிள்ளைக்கு ஓ.பி. சீட்டைத் தவிர எதுவும் தரல.

நைட்_டூட்டி

ஏ.ஆர். என்ட்ரி போடச் சொல்லுங்க அக்கா. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். கேஷுவாலிட்டியில பெரிய நோட்டு ஒண்ணு இருக்கும், அடிதடி, விபத்து, விஷம் எல்லாம் அதுல ஏறும், நம்பரோட. "டாக்டர், ஏ.ஆர். போட்டு நம்பர் குடுங்க"ன்னு இந்த வார்த்தையிலயே கேளுங்க. உங்களுக்கு நடைமுறை தெரியும்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும். முழுப் பரிசோதனை பண்ணினா அந்த அறிக்கையோட காப்பி பாதிக்கப்பட்டவங்களுக்கு இலவசமாத் தரணும், 2014 வழிகாட்டியிலயே இருக்கு.

எழுதறப்போ பக்கத்துல இருந்து ரெண்டு விஷயம் பாருங்க. "கீழே விழுந்ததாகச் சொல்கிறார்"னு எழுதிடப் போறாங்க, நடந்ததை அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதச் சொல்லுங்க. பேரு: அடையாள அட்டையில இருக்கிற பேரோட, கூப்பிடற பேரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. பின்னாடி கோர்ட்டுல ரெண்டும் ஒரே ஆளான்னு கேள்வி வராது.

உங்க பிள்ளை 28 நாள் மாத்திரையை முடிக்கட்டும். எச்.ஐ.வி. டெஸ்ட் 6 வாரத்துல ஒண்ணு, 3 மாசத்துல ஒண்ணு, 6 மாசத்துல ஒண்ணு. காமாலை ஊசி முதல் டோஸ் போட்டிருந்தா அடுத்தது ஒரு மாசத்துல, மூணாவது ஆறாவது மாசம். போடலேன்னா நாளைக்கே கூட்டிட்டு வாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு தனிப்பதிவுல சொல்றேன், இந்த வாரம் எனக்குப் பகல் டூட்டி.